சுத்துதா, அணையுதா

"படி ஏறும்போது பேசாதீங்கன்னு சொன்னா கேளுங்க," என்று அவருடைய கோட்டு நுனியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"கோட்டை இழுக்காத. தையல் விட்டுரும்."

"நீங்க தைச்சதுதானே, விடாது."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. கலங்கரை விளக்கத்துக்குள் சுருண்டு சுருண்டு மேலே போகும் இரும்புப் படிகளில் நின்று, கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து மூச்சு வாங்கினார். சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியே, கீழே துறையில் கட்டியிருந்த படகு தெரிந்தது. காலையில் அந்தப் படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் கவனித்தாள், மனிதர் கழுத்தில் அளவு டேப்போடு கிளம்பி வந்திருந்தார். சொன்னால் கழற்றிவிடுவார் என்று சொல்லாமலே விட்டுவிட்டாள். ஊர் பார்த்துச் சிரிக்கட்டும் என்று ஒரு குறும்பு.

ஊரில் அவருக்குக் கோட்டு மாஸ்டர் என்று பெயர். சட்டை தைக்க மாட்டார், கால்சட்டை தைக்க மாட்டார், கோட்டு மட்டும்தான். வீட்டின் பின்னறையே கடை. அவள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். கோபம் வந்தாலும் கொஞ்சல் வந்தாலும் அவர் அவளை 'ஆபரேட்டர்' என்பார். அவள் 'மாஸ்டர்' என்பாள். வாரநாளில் கடையை மூடிவிட்டு இருவரும் தீவு பார்க்கக் கிளம்பியதற்குக் காரணம் ஊர் சுற்றும் ஆசை இல்லை. ஒரு வழக்கு. மகள் பிறந்து, படித்து, வேறு ஊருக்கு வேலைக்குப் போன பிறகும் தீராத வழக்கு.

அந்த வீட்டுக்குக் குடிவந்த புதிதில், சாப்பிடும்போது அவள்தான் வாயைக் கொடுத்தாள். "அந்த லைட்ஹவுஸ் விளக்கு இப்படி அணைஞ்சு அணைஞ்சு எரியுதே, பல்பு சீக்கிரம் போயிடாதா?"

"அணையுதா? யாரு சொன்னா? அது சுத்துது."

"நான் கண்ணால பாத்தேன்."

"நான் மட்டும் என்ன, காதாலயா பாத்தேன்?"

அன்று பிடித்தது. அவளைப் பொறுத்தவரை விளக்கு என்றால் எரியும், அணையும். எக்ஸ்சேஞ்ச் பலகையில் சின்ன விளக்குகள் எரிவதையும் அணைவதையும் பார்த்தே சம்பளம் வாங்கியவள். அவரோ, உலகத்தில் ஒழுங்காக நடக்கிற எதுவும் சுற்றித்தான் நடக்கும் என்பார். சொல்லும்போது ஒரு கை தையல் மெஷின் சக்கரத்தின் மேல் இருக்கும். வெளியாட்களைக் கேட்டும் பார்த்தார்கள். மீன்காரர் சுற்றுகிறது என்றார். பால்காரர் அணைகிறது என்றார். அவருடைய தம்பி, கேட்பதற்கு முன்பே, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். தம்பி எதற்கும் அப்படித்தான்.

சாயங்காலங்களில் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று சண்டை நடக்கும். அந்த வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. அடுப்பு எரிகிற நேரத்தில் பின்னறைக் கதவு திறக்கக் கூடாது. எண்ணெய் வாசம் கோட்டுத் துணியில் ஏறிவிட்டால் ஏழு தண்ணீரில் அலசினாலும் போகாது. இருட்டும் நேரத்தில் அவர் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க விளக்கை அணைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அவள் அடுப்படி ஜன்னலுக்கு எதிரே நின்று வெங்காயம் நறுக்குவாள். "இப்ப பாருங்க, அணைஞ்சுச்சு" என்று அவள் குரல் கொடுப்பாள். "சுத்துது, சுத்துது" என்று மூடிய கதவுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வரும். அவள் அடுப்பை அணைத்துப் பாத்திரம் கழுவி முடிப்பதற்குள், உப்புக்காற்று துணிக்கு ஆகாது என்று அவர் ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டிருப்பார்.

கடைசியில் வழி காட்டியது படகின் கேப்டன். புதுக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தவர், அளவு கொடுக்கும்போது இந்தக் கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "ஒரு நாள் ரெண்டு பேரும் நம்ம படகுல வாங்க. ரெண்டு தீவு, ரெண்டு லைட்ஹவுஸ். மேல ஏறியே பாத்துடலாம்" என்றார். லைட்ஹவுஸ் என்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும் என்று நினைத்து இருவரும் வந்துவிட்டார்கள்.

உச்சியில் இருந்த காவலாளி இளைஞன். ஜலதோஷம் பிடித்திருந்தது. வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் பகலிலும் கொஞ்ச நேரம் விளக்கை ஓட விடுவார்களாம். மூக்கைத் துடைத்துக்கொண்டே ஒரு விசையைத் தட்டினான்.

நடுவில் ஒரு சாதாரண விளக்கு எரிந்தது. வீட்டுக் கூடத்தில் எரிவதைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கண்ணாடி, பட்டை பட்டையாக, அடுக்கடுக்காக. அந்தக் கண்ணாடிக் கூடு சத்தமே இல்லாமல் மெதுவாகச் சுற்றியது. விளக்கு அசையவில்லை. அணையவும் இல்லை. அவள் அது அணையும் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அவர் உடனே பெருமையடிக்கவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி, கண்ணாடியோடு சேர்ந்து தானும் ஒரு சுற்று நடந்தார். பிறகு கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார்.

"சார், தொடக் கூடாது," என்றான் காவலாளி.

"தொடலப்பா. இடுப்பளவு மட்டும் பாக்கிறேன்."

"எவ்வளவு கனம் இருக்கும் இது?" என்று அவள் கேட்டாள்.

"ஒரு லாரி அளவு கனம்மா. ஆனா விரலால தள்ளினாப் போதும், சுத்தும்." அவன் மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு விரலால் தள்ளிக் காட்டினான். அவ்வளவு கண்ணாடியும் அந்த விரலுக்கு நகர்ந்தது. ஏன், எப்படி என்று கேட்க அவளுக்கு வாய் வந்தது. அதற்குள் காவலாளிக்குத் தும்மல் வந்துவிட்டது.

அவர் டேப்பை மறுபடி கழுத்தில் போட்டுக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார். "என்ன?"

"சரி."

"என்ன சரி?"

"சுத்துது."

"அப்படின்னா?"

"நீங்க சொன்னதுதான் சரி. போதுமா?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்த ஜெயத்தைப் பேசிச் சிந்திவிடக் கூடாது என்பது போல, ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கினார்.

*

படகு இரண்டாவது தீவை நோக்கிக் கிளம்பியது. பின்பக்க பெஞ்சில் உட்கார்ந்து, அவள் கட்டிக்கொண்டு வந்திருந்த ரொட்டியையும் அவித்த முட்டையையும் சாப்பிட்டார்கள். அவர் பாதியிலேயே பொட்டலத்தை மடித்துவிட்டார்.

"ஏன்?"

"நெஞ்சுல என்னமோ எரியுது. முட்டையா இருக்கும்."

"முட்டை இல்ல. படியில வாய மூடிட்டு ஏறச் சொன்னேன், கேட்டீங்களா?"

அவர் சிரித்தார். நெற்றியில் வியர்த்திருந்தது. வெயில் என்று அவள் நினைத்தாள். "ஆபரேட்டர், இன்னொரு தடவை சொல்லேன். மேல காத்துல சரியாக் கேக்கல."

"இது என்ன கோர்ட்டா? சொன்னது சொன்னதுதான்."

"எனக்காக."

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, எக்ஸ்சேஞ்சில் பேசுகிற அதே தெளிவான குரலில் சொன்னாள்: "நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னது தப்பு. லைன் கிளியரா இருக்கா?"

எதிர் பெஞ்சில் இருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார். மாஸ்டருக்கு வாயெல்லாம் பல். "கிளியர்," என்றார். "கொஞ்சம் கண்ண மூடுறேன். தீவு வந்ததும் எழுப்பு."

தோளில் அவர் தலை சாய்ந்தது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தோற்றதில் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கண்ணாடிக் கூடுதான் மனதில் சுற்றிக்கொண்டிருந்தது. லாரி கனத்தை ஒரு விரல் எப்படித் தள்ளும்? அடியில் சக்கரம் இருக்குமா, எண்ணெய் இருக்குமா? மெஷினைப் பிரித்து மாட்டுகிற மனிதர், இவருக்குத் தெரிந்திருக்கும். கேட்கத் திரும்பினாள்.

எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. எதிர்முனையில் ஆள் பேசாமல் இருக்கிறாரா, ஆளே இல்லையா என்பது காதில் வைத்ததுமே தெரிந்துவிடும். பேசாத ஆளிடமும் ஏதோ ஒரு சத்தம் இருக்கும். அவள் அவருடைய கையைத் தொட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, உலுக்கவில்லை. லைனில் ஆள் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு நடந்ததெல்லாம் மற்றவர்கள் செய்தது. கேப்டன் ஓடிவந்தார். யாரோ ஒரு பெண் முழங்காலிட்டு மாஸ்டரின் நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தாள். கிட்டத்தில் இருந்த கரை இரண்டாவது தீவுதான். அங்கே முதலுதவி அறையில் இருந்த கம்பவுண்டர் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அவளைப் பார்க்காமல் கேப்டனைப் பார்த்துத் தலையசைத்தார். கரையிலிருந்து டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தால்தான் எடுத்துப் போக முடியும். நேரமாகிவிட்டதால் டாக்டர் காலையில்தான் வருவார். பயணிகளைக் கொண்டுபோய் விட்டுவிட்டு விடிந்ததும் வருகிறேன் என்று கேப்டன் அவள் கையைப் பிடித்துச் சொன்னார். மகளுக்கும் தம்பிக்கும் அவரே போன் செய்து சொல்வதாகவும் சொன்னார்.

*

அந்தத் தீவின் கலங்கரை விளக்கத்தின் அடியில் இருந்த அறையில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். சுவரில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கின. அவளுக்கு அழுகை வரவில்லை. வாளிகளில் மணல் இருக்கிறதா தண்ணீர் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். மணல். இந்த நேரத்தில் இதையெல்லாம் பார்க்கிறோமே என்று தன்மேலேயே ஆச்சரியமாக இருந்தது. கழுத்திலிருந்து டேப்பைக் கழற்றி, சுருட்டி, தன் பைக்குள் வைத்தாள். கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள். பொத்தான் திறந்திருந்தால் அவருக்குப் பிடிக்காது.

இந்த விளக்கைப் பார்த்துக்கொண்டது ஒரு பெண். பெரிய உடம்பு, பெரிய குரல். அந்தக் குரலை இன்று அடக்கிப் பேசப் பாடுபட்டாள். தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இருட்டப் போகுதும்மா. விளக்கு போட்டுட்டு வந்துடறேன். தனியா இருந்துக்குவீங்களா?" என்றாள்.

"நானும் வெளிய வர்றேன். கொஞ்சம் காத்தாட."

முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். கடல் கருத்துக்கொண்டு வந்தது. மேலே விளக்கு எரிந்தது. சும்மா அண்ணாந்து பார்த்தாள். எரிந்துகொண்டே இருந்தது. பிறகு கண் மூடுவது போல அணைந்தது. மறுபடி எரிந்தது.

அவள் எழுந்து நின்றாள்.

எரிந்தது, எரிந்தது, அணைந்தது. இந்தத் தாளம் அவளுக்குத் தெரியும். இது அணைகிற நேரத்துக்குள் ஒரு வெங்காயத்தை இரண்டாகப் பிளந்துவிடலாம். மறுபடி அணைவதற்குள் பாதியைப் பொடியாக நறுக்கிவிடலாம். வாழ்க்கையெல்லாம் இந்த விளக்குக்குத்தான் அவள் நறுக்கியிருக்கிறாள்.

கீழே இறங்கி வந்த காவல்காரப் பெண்ணிடம், "இது ஏன் அணையுது? ஏதாவது கோளாறா?" என்று கேட்டாள்.

"கோளாறு இல்லம்மா. இது இப்படித்தான்."

"சுத்தாதா?"

"சுத்துறது அந்தத் தீவுல. இது எரிஞ்சு அணையும். ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா, கடல்ல வர்றவனுக்கு இது எந்தத் தீவுன்னு எப்படித் தெரியும்? அதான் ஒண்ணொண்ணுக்கும் ஒரு குணம் வச்சிருக்காங்க."

"துறைமுகத்துக்குப் பின்னால மேட்டுத் தெருவுல எங்க வீடு. அங்கேருந்து பாத்தா எது தெரியும்?"

அந்தப் பெண் யோசித்தாள். "மேட்டுத் தெருன்னா ரெண்டும் தெரியலாம், ஒண்ணு மட்டும் தெரியலாம். நடுவுல என்ன மறைக்குதோ அதப் பொறுத்தும்மா."

அவள் உள்ளே போனாள். எழுப்புவதற்குத்தான் போனாள், வாசலைத் தாண்டிய பிறகுதான் நினைவு வந்தது. ஆனாலும் பக்கத்தில் போய்க் குனிந்து, "நான் சொன்னதும் சரிதான், மாஸ்டர்" என்றாள். அப்போது வந்தது அழுகை. தோற்றுவிட்டேன் என்று இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்ல வைத்துவிட்டு, பதிலுக்கு ஒரு தடவைகூடச் சொல்லாமல் போய்விட்டாரே என்ற ஆத்திரம் அது. மனிதர் வேண்டும், இப்போதே வேண்டும், வெளியே இழுத்துக்கொண்டு போய் அண்ணாந்து பாருங்க என்று காட்ட வேண்டும். அழுது தீர்ந்த பிறகு ஆத்திரம் போய்விட்டது. ஒரு கேள்வி மட்டும் மிச்சமிருந்தது.

அடுப்படி ஜன்னலில் தெரிவது இந்த விளக்கு. சரி. பின்னறை ஜன்னலில் அவருக்குத் தெரிந்தது எது?

இதே விளக்குதான் என்றால், கண்ணெதிரே அணைவதைப் பார்த்துக்கொண்டே சுற்றுகிறது என்று சொல்லியிருக்கிறார். அவள் சொன்னாள் என்பதற்காகவே. அப்படிச் செய்யக்கூடிய மனிதர்தான். உப்பு கம்மி என்றால் சரியாக இருக்கிறது என்பார். மழை வரும் என்றால் வராது என்பார். எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை 'இல்ல'. அது வெறும் வாய்ப்பழக்கம், மனதில் ஒன்றுமில்லை என்றுதான் அவள் இத்தனை காலம் குடும்பம் நடத்தியிருந்தாள். இதிலும் அப்படி என்றால், இன்று உச்சியில் தொப்பியைக் கழற்றி நின்ற அந்த முகத்துக்கு என்ன அர்த்தம்? வீம்புக்கு அடித்த பொய் தற்செயலாகப் பலித்த சந்தோஷமா அது? கண்டதைச் சொன்ன ஆளோடு வாழ்ந்தாளா, வீம்புக்குச் சொன்ன ஆளோடு வாழ்ந்தாளா? ஜன்னலைப் பார்த்தால் தெரிந்துவிடும். அதுவும் பகலில் தெரியாது, இருட்ட வேண்டும்.

*

காலையில் டாக்டர் வந்து எழுதிக் கொடுத்தார். கேப்டன் படகை மெதுவாக ஓட்டினார். துறையில் மகளும் மாஸ்டரின் தம்பியும் நின்றிருந்தார்கள். மகள் இரவு முழுக்க பஸ்ஸில் வந்திருந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு, "உங்ககூட நல்லா இருந்தாராம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"ரொம்ப நல்லா இருந்தார்," என்றாள் அவள். "ஜெயிச்சுட்டார்."

மகளுக்குப் புரியவில்லை. அழுதுகொண்டே தலையாட்டினாள்.

மதியத்தில் அடக்கம். வெயில் கொளுத்தியது. ஆனாலும் வந்தவர்களில் பாதிப் பேர் கோட்டு போட்டு வந்திருந்தார்கள். வக்கீல், வங்கி மேலாளர், பள்ளி வாத்தியார், எல்லாம் மாஸ்டர் தைத்த கோட்டுகள். வியர்வை வழிய, ஒரு பொத்தான்கூடக் கழற்றாமல் நின்றார்கள். கேப்டன் மட்டும் முழங்கை தேய்ந்த பழைய கோட்டில் வந்திருந்தார். புதுக் கோட்டு பின்னறையில் மரப் பொம்மையின் மேல், ஒரு கை இன்னும் தைக்காமல் நின்றுகொண்டிருந்தது. யாருடைய தோள்பட்டை நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்று அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். அவரும் அதைத்தான் பார்த்திருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி கார் சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டு பேச்சைத் தொடங்கினார். "அண்ணி, இன்னிக்கு இந்த வீட்டுல நீங்க இருக்க வேண்டாம். நம்ம வீட்டுக்குப் போயிடலாம். காலையில ரயிலேறி மககூடப் போயிடுங்க. பத்து நாள் கழிச்சு மத்ததெல்லாம் பாத்துக்கலாம்."

"சித்தப்பா சொல்றதுதாம்மா சரி," என்றாள் மகள். "நான் பெட்டி அடுக்கிடறேன்."

"வர்றேன். இருட்டினப்புறம் போலாம்."

"இருட்டினப்புறம் எதுக்கு அண்ணி? இப்பவே கிளம்பினா நல்லது."

"ஒண்ணு பாக்கணும்."

"என்ன பாக்கணும், சொல்லுங்க, நான் பாத்துட்டு வர்றேன்."

"நீங்க பாத்தா உங்க அண்ணன் பக்கம்தான் பேசுவீங்க, தம்பி," என்றாள் அவள். அவர் அண்ணனை நினைத்துக் கண்கலங்கி, சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தார்.

*

பின்னறைக் கதவைத் திறந்து உள்ளே போனாள். காலையில் பெருக்க வருகிற அறைதான். ஆனால் இந்த நேரத்து அறை அவளுக்குப் பழக்கமில்லை. வெட்டுகிற மேசையில் சாக்குக் கட்டியும் கத்தரியும் அவர் வைத்துவிட்டுப் போன இடத்திலேயே இருந்தன. மரப் பொம்மையில் கேப்டனின் கோட்டு, ஒற்றைக் கையோடு. தையல் மெஷினுக்குப் பின்னால் அவருடைய ஸ்டூல். அதில் உட்கார்ந்து ஜன்னல் கொக்கியை எடுத்தாள்.

எதிரே ஒரு கிடங்கின் தகரக் கூரை. அதற்கும் பக்கத்துச் சுவருக்கும் நடுவில் ஒரு முழம் கடல். இவ்வளவுதானா என்று இருந்தது. இந்த ஒரு முழத்தைப் பார்த்துக்கொண்டா மனிதர் தினமும் உட்கார்ந்திருந்தார்?

இருட்டியது. ஒன்றும் தெரியவில்லை. கடல் எது, சுவர் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத அளவுக்கு இருட்டிய பிறகும் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஜன்னலில் எந்த விளக்குமே தெரியாதோ? அப்படியானால் இருட்டைப் பார்த்துக்கொண்டு சுற்றுகிறது, சுற்றுகிறது என்று பதில் சொல்லியிருக்கிறார். அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு, எங்கோ தாமதமாகத்தான் விளக்கைப் போட்டார்கள் போல, கூரையின் ஓரம் வெளுத்தது. ஒரு வெளிச்சம் கடலின் மேல் மெதுவாக நடந்து வந்தது. தகரத்தில் ஏறி, ஜன்னலுக்குள் நுழைந்து, மேசை மேல் இருந்த கத்தரியைத் தொட்டு, மரப் பொம்மையின் கோட்டைத் தொட்டு, சுவரோடு போய், வெளியேறியது. எங்கும் அணையவில்லை. வேறு யாரையோ பார்க்கப் போனது போலப் போய், திரும்பி வந்தது. மறுபடி கத்தரி, மறுபடி கோட்டு.

"சுத்துது," என்றாள் அவள்.

"என்னம்மா?" மகள் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

"நீ போய் அடுப்படி ஜன்னல் கிட்ட நில்லு."

"எதுக்கு?"

"நில்லேன். சொல்றேன்."

மகள் போனாள். அவள் எழுந்திருக்காமல் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "என்ன தெரியுது?"

"கடல். தூரத்துல ஒரு விளக்கு."

"என்ன பண்ணுது அது?"

"எரியுது." கொஞ்சம் பொறுத்து, "அணைஞ்சிருச்சு. திரும்ப எரியுது" என்றாள் மகள்.

"இங்க சுத்துது."

மகள் நடைக்கு வந்தாள். பின்னறைக்குள் எட்டிப் பார்த்தாள். வெளிச்சம் சுவரில் நடந்து போவதைப் பார்த்தாள். திரும்பி அடுப்படிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி வந்தாள். "ரெண்டு விளக்காம்மா?"

"ரெண்டு விளக்கு."

"அப்பாவுக்குத் தெரியாதா?"

"தெரியாது. எனக்கும் தெரியாது."

"ஒரே ஒரு நாள் ஒருத்தர் இடத்துல ஒருத்தர் வந்து பாத்திருக்கலாமே. எனக்காவது தெரிஞ்சிருக்கும். ஊசி கிடக்கும், கத்தரி கிடக்கும்னு என்னையும் உள்ள விட மாட்டீங்க."

"கதவு சாத்தியிருந்துச்சே," என்றாள் அவள்.

வாசலிலிருந்து தம்பியின் குரல் வந்தது. "அண்ணி, இருட்டிருச்சே. கிளம்பலாமா?"

"சாப்பிட்டுட்டுப் போலாம், தம்பி. உங்களுக்கும் சேத்துதான். உள்ள வந்து உக்காருங்க."

அவள் எழுந்து, மூலையிலிருந்த இஸ்திரிப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வந்து, காற்றுக்குச் சாத்திக்கொள்ளாதபடி பின்னறைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். அடுப்படிக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். வாணலியை வைத்து எண்ணெய் ஊற்றினாள். ஜன்னலுக்கு எதிரே நின்று வெங்காயத்தை எடுத்தாள். விளக்கு அணைவதற்குள் இரண்டாகப் பிளந்தாள்.

மகள் கதவையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா, கதவு திறந்திருக்கு. கேப்டன் கோட்டுல வாசம் ஏறிடும்."

"ஏறட்டும்."

நின்ற இடத்திலிருந்தே கழுத்தைத் திருப்பினால் நடையும், நடைக்கு அப்பால் அந்த அறையும் தெரிந்தன. வெளிச்சம் வந்து ஒற்றைக் கை கோட்டைத் தொட்டுவிட்டுப் போனது. எண்ணெய் காய்ந்திருந்தது. அவள் வெங்காயத்தைப் போட்டாள்.